மாவுக்கட்டு போடும் கைகள்: ஓர் எலும்பியல் டெக்னீஷியனின் சேவை பற்றிய மதிப்புரை

எலும்பு முறிந்துவிட்டால் எந்த மருத்துவரிடம் போவது என்று நான்கு பேரிடம் விசாரிக்கிறோம். ஆனால் முறிந்த எலும்பை அடுத்த ஆறு வாரங்களுக்கு விலகாமல் காக்கப்போகும் கட்டைப் போடுபவர் யார், அவர் என்ன படித்தவர், எத்தனை காலம் பயிற்சி பெற்றவர் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. என் தாயாரின் இடது மணிக்கட்டு முறிந்தபோது, ஒரே நாள் இடைவெளியில் இரண்டு மருத்துவமனைகளின் கட்டு அறைகளை அருகிலிருந்து பார்க்க நேர்ந்த பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பது புரிந்தது. இரண்டாவது மருத்துவமனையில் எங்களுக்குக் கிடைத்த டெக்னீஷியனின் சேவையைப் பற்றியதே இந்த மதிப்புரை.

அறுபத்தெட்டு வயதான அம்மா ஈரத் தரையில் வழுக்கி, கையை ஊன்றியபடி விழுந்தார். முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் ஆரை எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து புறங்கைப் பக்கமாக விலகியிருந்தது. அயர்லாந்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-இல் விவரித்ததால் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படும் முறிவு அது. முதலில் சென்ற மருத்துவமனையில், வீக்கம் ஏறிக்கொண்டிருந்த கையைச் சுற்றி அப்போதே முழுக் கட்டாகப் போட்டுவிட்டார்கள். கட்டின் விளிம்பு விரல் கணுக்களைத் தாண்டி நீண்டிருந்ததால் அம்மாவால் விரல்களை மடக்கவே முடியவில்லை. மோதிரத்தைக்கூட யாரும் கழற்றச் சொல்லவில்லை. இரவு முழுவதும் வலி கூடிக்கொண்டே போனது. விரல்கள் வீங்கி, நீலம் பாரித்து, நுனிகள் மரத்துப் போயின. தொலைபேசியில் கேட்டபோது, முதல் இரண்டு நாள் வலி இருக்கத்தான் செய்யும், மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கச் சொல்லுங்கள் என்ற பதிலே கிடைத்தது.

மறுநாள் காலை வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பதிவுச் சீட்டு வாங்கும் வரிசையில் நான் நின்றுகொண்டிருக்கையில், அந்த வழியாகப் போன ஒருவர் அம்மாவின் விரல்களைப் பார்த்துவிட்டு நின்றார். கட்டு அறையின் டெக்னீஷியன் அவர்தான் என்பது பிறகு தெரிந்தது. விரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்து, வெளுத்த நகத்தடியில் சிவப்பு திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். ஆரோக்கியமான விரலில் ஏறக்குறைய இரண்டு விநாடிகளில் நிறம் திரும்பிவிட வேண்டும். அம்மாவுக்கு அதைவிட வெகுநேரம் பிடித்தது. பிறகு அவர் மடங்கியிருந்த விரல்களை மிக மெதுவாக நீட்ட முயன்றதும் அம்மா துடித்துப் போனார். “சீட்டு அப்புறம் போட்டுக்கலாம், அம்மாவை உள்ளே கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிக்கொண்டே மருத்துவருக்கு ஆள் அனுப்பினார். மருத்துவர் வந்து பார்த்து ஒப்புதல் சொன்ன மறுநிமிடம் கட்டைப் பிளந்துவிட்டார்கள்.

பிளந்தது மேலே இருந்த மாவை மட்டுமல்ல. உள்ளே சுற்றியிருந்த பஞ்சையும், அதற்கடியில் இருந்த உறைத்துணியையும் தோல் தெரியும் வரை நீளவாக்கில் வெட்டினார். இரத்தம் ஊறி இறுகிய பஞ்சும் கயிறுபோலக் கையை நெரிக்கும் என்பதால், மாவை மட்டும் பிளந்துவிட்டு நிறுத்துவது போதாது என்று எனக்கு விளக்கினார். கட்டுக்குள் வீக்கம் கூடும்போது தசைகளைச் சுற்றியுள்ள இறுக்கமான உறைகளுக்குள் அழுத்தம் ஏறி, சிறு இரத்தக் குழாய்களில் ஓட்டம் நின்றுவிடுகிறது; சில மணி நேரம் அப்படியே விட்டுவிட்டால் தசை அழிந்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப் போகின்றன. இறுக்கமான கட்டுகளால் வரும் இந்தக் கேட்டை ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன் 1881-லேயே எழுதி வைத்திருக்கிறார். முறிவின் அளவுக்கு மீறிய வலியும், விரலை நீட்டும்போது எழும் கடும் வலியும் அதன் ஆரம்ப அறிகுறிகள். முந்தைய இரவு தொலைபேசியில் நாங்கள் சொன்னவை கிட்டத்தட்ட அவையேதான். அதை நினைக்கும்போது இப்போதும் மனம் பதறுகிறது.

மோதிரம் அடுத்த சிக்கல். வீங்கிய விரலில் அது புதைந்திருந்தது. விரல் நுனியிலிருந்து மோதிரம் வரை ஒரு நூலை நெருக்கமாகச் சுற்றி வீக்கத்தை அமுக்கி, நூலின் மறுமுனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, அதை மெல்லப் பிரிக்கப் பிரிக்க மோதிரம் தானாகவே நூலின் மேல் நகர்ந்து வந்தது. ஐந்து நிமிட வேலை. அதை ஒரு சிறு அவசரமும் காட்டாமல் செய்தார்.

எலும்பை நேராக்கியது மருத்துவர். முறிந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அவர் கட்டை விரலையும் மற்ற விரல்களையும் பிடித்துத் தன் பக்கம் இழுக்க, டெக்னீஷியன் முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி மேற்கையை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்திருந்தார். இருவரும் எவ்வளவு ஒத்துப்போய் வேலை செய்தார்கள் என்றால், மருத்துவர் தலையை அசைப்பதற்குள் அவர் பிடியைத் தளர்த்தியும் இறுக்கியும் கொண்டிருந்தார். எலும்பு இடத்துக்கு வந்ததும் கட்டு போடும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

அந்தப் பத்து நிமிடங்களை நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். முதலில் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினார். அடியில் பழைய மாவு தங்கிய தண்ணீரில் நனைத்தால் கட்டு வேகமாக இறுகி, சூடும் கூடுதலாகக் கிளம்பும் என்றார். ஜிப்சத்தைச் சுட்டு அதன் நீரில் பெரும்பகுதியை வெளியேற்றிய பொடியே இந்த மாவு. இழந்த நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு மறுபடி கல்லாகும்போது அது வெப்பத்தை வெளியிடுகிறது. ஆகவே வெந்நீரில் நனைப்பதும், தேவைக்கு மேல் அடுக்குகள் போடுவதும், இறுகும் நேரத்தில் கையைத் தலையணையில் புதைத்து வைப்பதும் தோலைச் சுட்டுவிடக்கூடும். இந்தப் பொடியைத் துணியில் தேய்த்து, நனைத்துச் சுற்றும் முறையை 1850-களின் தொடக்கத்தில் நெதர்லாந்து இராணுவ மருத்துவர் அந்தோனியஸ் மாதைசன் அறிமுகப்படுத்தினார். கிரிமியப் போரில் ருஷ்ய அறுவை மருத்துவர் நிகலாய் பிரகோவ் மாவுக்கட்டைப் பெரிய அளவில் பயன்படுத்தினார். நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பிறகும், புதிதாக முறிந்த எலும்புக்கு அச்சு எடுத்தாற்போல் படிவதில் மாவுக்கு ஈடான பொருள் இல்லை என்பது எங்கள் டெக்னீஷியனின் கருத்து.

வீக்கம் இருந்ததால் இம்முறை முழுக் கட்டு போடவில்லை. கையின் ஒரு பக்கம் மட்டும் தாங்கும்படி பல அடுக்கு மாவுத் துணியை நீளமாக மடித்த ஸ்லாப்பை வைத்து, மேலே நெகிழ்வான துணியால் சுற்றினார். வீங்கினால் இடம் கொடுக்கும் ஏற்பாடு அது. அதற்கு முன் உறைத்துணியை மாட்டி, பஞ்சை ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி சீராகச் சுற்றி, மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பின் மேல் மட்டும் ஒரு துண்டு கூடுதலாக வைத்தார். ஈர மாவு வைக்கப்பட்ட பிறகு அவர் விரல் நுனிகள் ஒருமுறைகூட அதில் பதியவில்லை. உள்ளங்கைகளாலேயே தாங்கினார், தடவினார், அழுத்தினார். விரல் நுனி பதிந்த பள்ளம் உள்ளே ஒரு முட்டாக இறுகி, நாளடைவில் தோலைப் புண்ணாக்கும். முந்தைய நாள் போட்டிருந்த கட்டைப் பிளந்து எடுத்தபோது அம்மாவின் முன்கையில் நான்கு சிவந்த தடங்களைப் பார்த்திருந்ததால், இந்த ஒரு வேற்றுமையே எனக்குப் போதுமான சான்றாக இருந்தது.

அதன் பிறகு அவர் செய்ததுதான் கலை. எலும்பை இடத்தில் நிறுத்துவது கட்டின் கனமோ இறுக்கமோ அல்ல, மூன்று இடங்களில் தரப்படும் அழுத்தம். முறிவுக்கு அருகே ஒரு பக்கம் ஓர் உள்ளங்கை, அதற்கு எதிர்ப்பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு தாங்கல்கள். இந்த மூன்றும் சரியாக அமைந்த கட்டு பார்வைக்குச் சற்று வளைந்தே இருக்கும். உள்ளே எலும்பு நேராக நிற்கும். முன்கைக் கட்டின் குறுக்குவெட்டு உருளையாக இல்லாமல் தட்டையான நீள்வட்டமாக இருக்க வேண்டும் என்பதும் இதையொட்டியதே. குழந்தைகளின் முன்கை முறிவுகளில், எக்ஸ்ரேயில் கட்டின் பக்கவாட்டுத் தோற்ற அகலத்தை நேர்த் தோற்ற அகலத்தால் வகுத்துப் பார்க்கிறார்கள், விடை 0.8-ஐத் தாண்டினால் எலும்பு மீண்டும் விலகும் வாய்ப்பு கூடுதல். மாவு இறுகும் அந்தச் சில நிமிடங்களும் அவர் பேசவில்லை, பார்வையை வேறெங்கும் திருப்பவுமில்லை.

விளிம்புகளைச் சீர்செய்வதில் காட்டிய அக்கறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளங்கைப் பக்கம், விரல்களை மடக்கும்போது விழும் கோட்டுக்குக் கீழேயே கட்டை நிறுத்தி, கட்டைவிரல் அடியில் பிறை வடிவில் வெட்டி, உறைத்துணியை வெளிப்புறமாக மடித்து ஒட்டினார். “அம்மா, முஷ்டியை மூடுங்க. இப்ப கட்டைவிரலால சுண்டுவிரலைத் தொடுங்க” என்றார். அம்மா தொட்டார். “எங்கேயாவது உறுத்துதா?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை காத்திருந்தார். கேள்வியை எல்லோரும் கேட்பார்கள்; இவர் காத்திருந்தார்.

ஒரு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் வற்றியபின் கட்டு தளர்ந்து எலும்பு விலகக்கூடும் என்பதால் முதல் இரண்டு வாரங்களில் இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது. எலும்பு நின்ற இடத்திலேயே நின்றிருந்ததால், ஸ்லாப்பை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழையாலான ஃபைபர் கட்டு போட்டார்கள். அது எடை குறைந்தது, அரை மணி நேரத்தில் முழு உறுதி பெறுவது. மாவுக்கட்டு உள்ளும் புறமும் உலர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். ஆனால் ஃபைபர் கட்டு நனையாது என்ற எண்ணத்தில் பலர் தண்ணீர் படவிட்டுவிடுகிறார்கள். வெளி ஓடு தாங்கினாலும் உள்ளே பஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு தோலை ஊறவைக்கும் என்று அவர் இரண்டு முறை எச்சரித்தார்.

அவருடைய தகுதியைப் பற்றி நானே கேட்டேன். சங்கடப்படாமல் சொன்னார்: எலும்பியல் தொழில்நுட்பத்தில் இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பு, அதன்பின் கட்டு அறையிலும் அறுவை அரங்கிலும் மேற்பார்வையில் பயிற்சி, பதினோரு ஆண்டு அனுபவம். உடற்கூறு, நரம்புகளும் இரத்தக் குழாய்களும் ஓடும் வழி, முறிவு வகைகள், கட்டு வகைகள், இழுவைக் கட்டு, நோய்த்தொற்றுத் தடுப்பு, அறுவை மேசையில் கைகால்களை நிலைப்படுத்துதல் ஆகியவை அந்தப் படிப்பில் அடங்கும். நாட்டுக்கு நாடு ஏற்பாடு மாறுகிறது. அமெரிக்காவில் எலும்பியல் தொழில்நுட்பர்களுக்கெனத் தனித் தேசியச் சான்றளிப்பு வாரியமும் அதன் தேர்வும் உள்ளன. பிரிட்டனில் கட்டு போடுவதற்கென்றே பிரிட்டிஷ் காஸ்டிங் சர்ட்டிஃபிகேட் என்ற சான்றிதழ் இருக்கிறது. ஜெர்மனியில் இதையொத்த பெயருள்ள தொழில் செயற்கை உறுப்புகளும் தாங்கு கருவிகளும் செய்வதைக் குறிக்கிறது, அதற்கு மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி. ஆகவே பெயர்ப் பலகையில் உள்ள சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியாது. என்ன படித்தார், யாருடைய மேற்பார்வையில் எத்தனை கட்டுகள் போட்டுப் பழகினார் என்று கேட்பதே பயன் தரும். பல இடங்களில் எந்தப் படிப்பும் இல்லாமல் பார்த்துப் பழகியவர்களே இந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்களிலும் கைத்திறன் மிக்கவர்கள் உண்டு. ஆனால் நரம்பு எங்கே ஓடுகிறது என்று தெரியாத கைத்திறனை நம்பி, முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் இருக்கும் எலும்பு முனையின் மேல் ஒரு கட்டை ஒப்படைக்க எனக்கு மனம் வராது. அங்கே போதிய பஞ்சு வைக்காமல் இறுக்கிவிட்டால், அந்த எலும்பைச் சுற்றிச் செல்லும் நரம்பு அழுந்திப் பாதத்தைத் தூக்க முடியாமலே போய்விடலாம்.

தன் எல்லையை அறிந்திருந்தது இவருடைய இன்னொரு தகுதி. இரண்டாம் எக்ஸ்ரேயை நான் அவரிடம் நீட்டி, சேர்ந்துவிட்டதா என்று கேட்டபோது, “அதை டாக்டர்தான் சொல்லணும், நான் சொல்றது முறையில்லை” என்று மறுத்துவிட்டார். வலி மாத்திரையைக் கூட்டலாமா என்ற கேள்விக்கும் அதே பதில். நோயைக் கண்டறிவதும் மருந்து தருவதும் அவர் வேலையல்ல. மருத்துவர் எழுதிய உத்தரவைப் பிழையின்றி நிறைவேற்றுவதும், ஆபத்தின் அறிகுறியை முதலில் கண்டு குரல் கொடுப்பதும் அவர் வேலை. அந்த இரண்டாவது பகுதிதான் அம்மாவின் கையைக் காப்பாற்றியது.

காத்திருந்த நாட்களில் மற்றவர்களுக்கு அவர் செய்ததையும் கவனித்தேன். காலில் கட்டுடன் வந்த ஓர் இளைஞருக்கு ஊன்றுகோலை அளந்து கொடுத்தார். மேல்முனைக்கும் அக்குளுக்கும் இடையே மூன்று விரல் இடைவெளி, கைப்பிடியைப் பற்றும்போது முழங்கை சற்று மடங்கிய நிலை. உடல் எடை அக்குளில் அல்ல, உள்ளங்கையில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அக்குள் நரம்பு அழுந்திக் கை மரத்துவிடும் என்று சொல்லி, படிக்கட்டுக்கே அழைத்துப் போய் நடக்க வைத்தார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். பிறவியிலேயே பாதம் உள்நோக்கி வளைந்த ஒரு பச்சைக் குழந்தைக்கு, எலும்பு மருத்துவர் இக்னேசியோ பொன்செட்டி வகுத்த முறைப்படி வாரந்தோறும் மருத்துவர் பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பிடிக்க, இவர் தொடை வரை கட்டு போட்டார். குழந்தை பால் குடித்துக்கொண்டே இருந்தது. பெரியவரின் மணிக்கட்டுக்குக் கொடுத்த அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அந்தப் பாதத்தின் மேல் விழுந்திருக்காது.

ஆறாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். கட்டு அறுக்கும் ரம்பத்தின் இரைச்சலைக் கேட்டதும் அம்மா கையை இழுத்துக்கொண்டார். டெக்னீஷியன் இயந்திரத்தை நிறுத்தினார்; பிறகு மறுபடி ஓடவிட்டு, ஓடும் தகட்டைத் தன் உள்ளங்கையில் லேசாக வைத்துக் காட்டினார். 1940-களில் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர் உருவாக்கிய இந்தக் கருவியின் தகடு சுழல்வதில்லை, மிகச் சிறிய கோணத்தில் இப்படியும் அப்படியும் அதிர்கிறது. கெட்டியான கட்டை அது அறுத்துவிடும். நெகிழ்வான தோல் தகட்டோடு சேர்ந்தே அசைவதால் வெட்டுப்படுவது அரிது. ஆனால் தவறான கையில் அதுவும் காயப்படுத்தும். தகட்டைக் கட்டின் மேல் இழுத்துக்கொண்டே போனால் தோல் கிழியலாம். தொடர்ந்து ஓட்டினால் தகடு சூடேறிச் சுட்டுவிடும், ஃபைபர் கட்டில் அந்தச் சூடு இன்னும் அதிகம். இவர் ஒவ்வொரு முறையும் அழுத்தி, தூக்கி, சற்று நகர்த்தி, மறுபடி அழுத்தினார். இடையிடையே நிறுத்தித் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். எலும்பு துருத்தும் இடத்தைத் தவிர்த்தே வெட்டுக் கோடு போட்டிருந்தார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். அந்த மருத்துவமனையில் கட்டு அறைக்கு அவர் ஒருவரே இருக்கிறார். மறுபரிசோதனை நாட்களில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்தோம், அவர் விடுப்பில் இருந்த ஒரு நாள் திரும்பியே வந்தோம். வீட்டில் கவனிக்க வேண்டியவற்றை வாயால் தெளிவாகச் சொன்னாரே தவிர, எழுதிய தாள் எதுவும் நிர்வாகம் தரவில்லை. விரல் நீலம் பாரித்தால், மரத்தால், மாத்திரைக்கு அடங்காத வலி வந்தால் எந்த நேரமும் உடனே வர வேண்டும் என்ற வரியாவது அச்சில் கையில் இருந்தால், நள்ளிரவில் முடிவெடுக்கத் தடுமாறும் குடும்பத்துக்குத் துணையாக இருக்கும். நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வலியே எச்சரிக்காது என்பதால் அவர்களுக்குத் தனிக் குறிப்பு அவசியம். ரம்பத்தின் சத்தத்தைத் தாங்க முடியாமல் அழும் குழந்தைகளுக்குக் காதுறைகள் வாங்கி வைப்பது பெரிய செலவல்ல. டெக்னீஷியனின் படிப்பையும் சான்றிதழையும் மருத்துவர்களுடையதைப் போலவே அறை வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்று எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன். இந்தக் குறைகளில் ஒன்றுகூட அவருடைய வேலையைச் சேர்ந்ததல்ல, நிர்வாகத்தைச் சேர்ந்தவை. காத்திருக்க நேரமுள்ளவர்களுக்கு அந்தக் கட்டு அறையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கட்டுக்குள்ளிருந்து வெளியே வந்த கை மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. தேய்த்து உரிக்காமல், வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவச் சொன்னார். மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்கவில்லை, அதற்கு உடற்பயிற்சிச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. விரல்கள் மட்டும் முதல் நாளே முழு முஷ்டியாக மூடின. ஆறு வாரமும் அவை கட்டுக்கு வெளியே தடையின்றி அசைந்துகொண்டிருந்தன.